ஒரு கை சீயக்காய்

அத்தை,

இன்று காலை அடுப்படி அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். மேல் தட்டில், முறுக்கு அச்சுக்குப் பின்னால், உங்கள் பிஸ்கட் டின் இருந்தது. மூடி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். சீயக்காய், பச்சைப்பயறு, வெந்தயம், காயவைத்த செம்பருத்தி, எல்லாவற்றுக்கும் மேலே பூலாங்கிழங்கு. தும்மினேன். தும்மி முடித்ததும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். தும்மலில் வந்த கண்ணீர் என்று சொல்லலாம்தான். யாரிடம் சொல்ல? வீட்டில் வேறு ஆள் இல்லை.

வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விற்கிறார். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். நீங்களும் நானும் எத்தனையோ வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த இந்தச் சிலிபின் வீடு இனி வேறு யாருடையதோ. புதிதாக வாங்குகிறவர் குளியலறையை இடித்துப் பெரிதாக்கப் போகிறாராம்.

உங்களுக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் படித்திருக்க மாட்டீர்கள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பிலேயே உங்களை நிறுத்திப் பால் மரம் வெட்டக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் செய்தித்தாள் படித்துக் காட்டினால், "சாவு சேதிய மட்டும் சொல்லு புள்ள, மத்ததெல்லாம் பொய்யி" என்பீர்கள். ஆகவே பயமில்லாமல் எழுதலாம். கோபத்தையும் எழுதலாம். எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது, அத்தை.

கல்யாணமாகி ஆயர் தாவார் பக்கம் உங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? ஈப்போ டவுனில் ஷாம்பு போட்டுக் குளித்து வளர்ந்தவள் நான். நீங்கள் பலகையைப் போட்டு உட்காரச் சொன்னீர்கள். நல்லெண்ணெயைச் சூடு காட்டி உச்சியில் வைத்துத் தேய்த்தீர்கள். பால் வெட்டும் உளி பிடித்துக் காய்த்த கை என் மண்டையில் சரசரவென்று ஓடியது. சீயக்காய் கண்ணில் விழுந்துவிடுமோ என்று முழித்து முழித்துப் பார்த்தேன். "கண்ண மூடு. மூடலன்னா எரியும். அப்பறம் மாமியாக்காரி கண்ணுல மொளகாத் தூளப் போட்டான்னு ஈப்போ பூரா சொல்லிக்கிட்டுத் திரிவ" என்றீர்கள். பயந்துபோய் மூடிக்கொண்டேன். அம்மா இல்லாமல் வளர்ந்த எனக்கு, என் தலையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது அதுதான் முதல் தடவை.

பிறகு பால் வெட்டிய கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயம் காலியானது. நீங்கள் எங்களோடு ஈப்போவில் சிலிபினுக்கு வந்துவிட்டீர்கள். தோட்டத்தைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. "என்னா இருந்துச்சி அங்க? கொசுவும் கங்காணியும்தான்" என்பீர்கள். அங்கிருந்து நீங்கள் கொண்டுவந்தது இந்த டின்னையும் கிழமைக் கணக்கையும் மட்டும்தான். பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும். மழை கொட்டினாலும் கிழமை மாறாது. உங்கள் மகன் லாரி ஓட்டி எவ்வளவு களைத்து வந்தாலும் சனிக்கிழமை உங்கள் முன்னால் தலையைக் குனிந்து உட்கார வேண்டும். உங்கள் தோள்பட்டை இறங்கிப் போன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. சனிக்கிழமை அவருக்கு, வெள்ளிக்கிழமை உங்களுக்கு. என் கையில் எப்போதும் எண்ணெய் நாற்றம்தான் என்று மகள் தர்ஷினி மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அதை எழுதாமல் இருக்க முடியாது.

சில வாரங்களாகவே அவர் சனிக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கமுந்திங் ஊரில் உள்ள கிலாங்குகளுக்கு, தொழிற்சாலைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற வேலை. தொழிற்சாலை சனிக்கிழமையும் ஓடுகிறது என்றார், நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் வந்தபோது நீங்கள் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைக் கடந்து உள்ளே போனார். நீங்கள் தலையைத் தூக்கி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்கு வந்தீர்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இவனுக்கு எண்ண தேச்சி விட்டியா இன்னிக்கி?"

"இல்லயே அத்தை. வேலைக்குல்ல போயிட்டாரு."

"தலைக்கு ஊத்திருக்கான். நம்ம தூளு இல்ல. கடத் தூளு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேர்வைக்குக் குளித்திருப்பார் என்றேன். கிலாங்கில் குளிக்க இடம் இருக்கும் என்றேன். நீங்கள் கீரைத் தட்டை என் மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தீர்கள். ஏதோ சூடானதைக் கையிலிருந்து வாங்கி வைப்பதுபோல வைத்தீர்கள்.

"வேர்வைக்கு யாரும் எண்ண தேச்சிக் குளிக்க மாட்டாங்க புள்ள. விருந்தாளிக்குச் சோறு போடுவாங்க, காப்பி குடுப்பாங்க. எண்ண தேச்சி விட மாட்டாங்க. எண்ண தேச்சி விட ஒரு பொம்பள இருக்கான்னா அங்க ஒரு வீடு இருக்குன்னு அர்த்தம்."

நீங்கள் சொன்னது சரியாக இருந்தது. கமுந்திங்கில் வீடுதான் இருந்தது. வாடகை வீடு, கட்டில், சுவரில் சாமி படம், எல்லாம் வாங்கிப் போட்டுக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவர் மறுக்கக்கூட இல்லை. நான் கேட்டபோது டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஆமா, இப்ப என்னா செய்யணும்ன்ற?" என்றார். வேறொரு பெண்ணோடு படுத்தார் என்பதைவிட, வேறொரு பெண்ணின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தார் என்பதுதான் என்னை அறுத்தது. இதைத் தர்ஷினியிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்கு மட்டும்தான் புரிந்தது.

அவர் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று, "வாம்மா, நீயும் வா" என்று உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் அசையவில்லை. "நான் எங்கயும் போவல. நீ போற எடத்துக்குத் தாய் எதுக்கு?" என்றீர்கள். லாரி கிளம்பிப் போனதும் என்னைப் பார்த்து, "அடுப்புல என்னா கருகுது?" என்று கேட்டீர்கள். அன்றைக்குக் குழம்பு கருகித்தான் போயிருந்தது. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

சிலிபினில் எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். மகன் ஒரு வீட்டில், மாமியாரும் மருமகளும் இன்னொரு வீட்டில். பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் நின்று, "என்னாங்கக்கா, மவன உட்டுட்டு மருமவளக் கட்டிக்கிட்டீங்களா?" என்று கிண்டல் செய்தார். "ஆமாலா, இவதான் நேரத்துக்குச் சோறு போடுறா" என்றீர்கள் நீங்கள். நான் சிரித்தேன். உங்கள் மகன் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பேச்சை அப்படியே நம்பியும் விட்டேன், அத்தை. நம்பிக்கை வைப்பதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் அவசரம்.

விவாகரத்து முடிந்து கோர்ட்டிலிருந்து திரும்பிய அன்று உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். தாலியை என்ன செய்ய? கட்டினவர் செத்தால் கழற்ற ஒரு நாள் உண்டு, ஒரு முறை உண்டு, சுற்றி நின்று அழ ஆட்கள் உண்டு. உயிரோடு இருந்துகொண்டே போனவருக்கு என்ன முறை? "அதுக்கு முறையே இல்லயே புள்ள" என்றீர்கள். கடைசியில் நானே கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டேன். நீங்கள் அடுப்படி வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டீர்கள்.

வேலைக்கும் போனேன். ஐம்பதை நெருங்கும்போது முதல் வேலை. ஈப்போவில் ஒரு ஹோட்டலின் டோபியில், மற்றவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை. சூப்பர்வைசருக்குத் தர்ஷினி வயதுதான், மலாய்க்காரப் பெண். என் பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "காக் பாரு" என்று கூப்பிட்டாள், புது அக்கா என்று. வருடக்கணக்கில் இன்னும் அதே பெயர்தான். கோயிலில் பார்க்கிறவர்கள், "கவலப்படாதீங்க, புது வாழ்க்கைன்னு நெனச்சிக்குங்க" என்கிறார்கள். வாழ்க்கை எங்கே புதிது? முழங்கால் பழசு, கண் பழசு, பேருந்துக்குக் காத்து நிற்கிற பொறுமைகூடத் தேய்ந்துவிட்டது. ஆள் மட்டும் எல்லா இடத்திலும் புதிது.

ஆனால் வெள்ளிக்கிழமை இருந்தது. வேலை முடிந்து வந்து உங்களைக் குளியலறை முக்காலியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பேன். வாரம் முழுதும் ரசாயன சோப்பில் ஊறிய கைக்கு அந்த எண்ணெய் அவ்வளவு இதமாக இருக்கும். உங்கள் முடி மெலிந்து, மண்டையின் மேடு பள்ளமெல்லாம் விரலுக்கு மனப்பாடம். காதுக்குப் பின்னால் தேய்க்கும்போது உங்களுக்குத் தூக்கம் வரும். தலை என் வயிற்றில் சாயும். அந்த நேரத்தில் மட்டும், எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். உங்களை வைத்துத்தான் அதை வீடு என்று நினைத்தேன். நீங்கள் இல்லாவிட்டால் அது வெறும் வாடகை இடம்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு நீங்கள் நோயில் விழுந்தீர்கள். மருத்துவமனையில், உங்களை இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். என்ன அர்த்தம் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஒரு வாரம் சுவரையே பார்த்துப் படுத்திருந்தீர்கள். பிறகு ஒருநாள் காலையில், கஞ்சி குடித்து முடித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னீர்கள்.

"என்னய அவங்கிட்டக் கொண்டு போயி விட்டுரு புள்ள."

தமாஷ் என்று நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று தெரிந்தது.

"ஏன் அத்தை? நான் என்னா கொற வச்சேன்?"

"கொற இல்ல. பொணம் மவன் வீட்டுலேந்துதான் போவணும். இங்கேந்து தூக்குனா நாளைக்கி ஊரு என்னா சொல்லும்? கொள்ளி அவன்தான வைக்கணும்."

"கொள்ளி வைக்க அவரு இங்க வரட்டும். நான் வேணாம்ன்னா சொன்னேன்?"

"வர மாட்டான். இந்த வாசப்படிய மிதிக்க அவனுக்கு மூஞ்சி இல்ல."

"அப்ப நான் யாரு அத்தை?"

இந்தக் கேள்வியை நான் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். மருமகள் இல்லை, அதைக் கோர்ட்டில் முடித்துவிட்டார்கள். மகள் இல்லை, நீங்கள் பெறவில்லை. வேலைக்காரி இல்லை. நீங்கள் கையை நீட்டி என் முட்டியைத் தொட்டு, "கேக்காத புள்ள" என்றீர்கள்.

அன்றைக்கே கிளம்பத் தயாரானோம். கிளம்பும் முன் இன்னொன்று சொன்னீர்கள். "தலைக்கு ஊத்தி விடு." அன்றைக்குப் புதன்கிழமை. ஆண்களின் கிழமை. வாழ்நாளெல்லாம் கிழமை தவறாதவர் நீங்கள். "நாள் இல்லயே அத்தை" என்றேன். "இருக்கட்டும். அங்க போயி யாரு தேச்சி விடப் போறா?" என்றீர்கள். தேய்த்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்தேன். தூளை இரண்டு தடவை போட்டேன். நீங்கள் கண்ணை மூடியே இருந்தீர்கள். நான் அழுதது உங்களுக்குத் தெரிந்திருக்காது, தண்ணீர்ச் சத்தம் இருந்தது.

தலை காய்ந்ததும் உங்கள் பையில் சேலை, மருந்து, சீப்பு, விபூதிப் பை எல்லாம் வைத்தேன். இந்த டின்னை மட்டும் வைக்கவில்லை. மறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தூளைக் காணோம் என்று போன் பண்ணுவீர்கள், அந்தச் சாக்கில் வந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். எனக்கு அந்த வயதிலும் அப்படியொரு புத்தி.

கமுந்திங்கில் கதவைத் திறந்தது அவள்தான். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. ஏதோ அழகி என்று நினைத்திருந்தேன். என்னைவிடக் கொஞ்சம் பருமன், முன்மண்டையில் நரை, கையில் மாவு. சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். உங்களுக்குக் கட்டில் போட்டு, பக்கத்தில் தண்ணீர் ஜாடி வைத்து, சுத்தமாகத்தான் வைத்திருந்தாள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும். "உள்ள வாங்கக்கா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். உங்கள் மகன் பின்கட்டில் இருந்தார் போலிருக்கிறது. இருமல் சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை. திரும்பி நடந்தபோது, நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று வாசல் கேட் வரைக்கும் மெதுவாகவே நடந்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. முதல் தடவை உங்கள் மகன் விட்டுப் போனபோது ஊரே எனக்காக அவரைத் திட்டியது. இரண்டாவது தடவை நீங்கள் விட்டுப் போனீர்கள். இதற்கு யாரைத் திட்ட? தாய் மகனிடம் போனாள், அதுதானே முறை என்றார்கள். முறை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் எரிகிறது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. தர்ஷினி சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணினாள். "அம்மா, பாட்டி போயிட்டாங்க. நீ போவியா?" என்றாள். போவியா என்று கேட்கிறாள், பாருங்கள். போகலாமா என்று யோசிக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

போனேன். தெருவில் கூடாரம் போட்டு பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தார்கள். கடைசி வரிசையில், அக்கம்பக்கத்து ஆட்களோடு உட்கார்ந்தேன். குளிப்பாட்டுகிற நேரம் வந்தது. காரியம் செய்ய வந்த பெரியவர், "மருமவ மொத வாங்கம்மா" என்றார். என் கால் எழுந்துவிட்டது, அத்தை. உடம்பு எழுந்த பிறகுதான் அறிவு வந்து உட்கார்த்தியது. அவள் போனாள். எண்ணெயையும் சீயக்காயையும் தொட்டுப் புறங்கையால் உங்கள் தலையில் மூன்று தடவை வைத்தாள். அதுதான் செத்தவர்களுக்கு உள்ள வழக்கம். அவளுக்குப் பின்னால் உறவுப் பெண்கள், பிறகு தெருப் பெண்கள். நான் கடைசியாகப் போய் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்ததும் குனிந்தேன். உங்கள் முடி மூக்கருகே வந்தது. உங்கள் தலையில் இன்னும் நம் தூளின் வாசனை இருந்தது. மற்றவர்கள் வைத்த கடைத் தூளுக்கு அடியில், லேசாக, பூலாங்கிழங்கு. அவ்வளவுதான். எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு உச்சியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தேய்ப்பதுபோல. உச்சி, பிடரி, காதுக்குப் பின்னால். விரலுக்குத் தெரிந்த மேடு பள்ளமெல்லாம் அப்படியே இருந்தது, சூடு மட்டும் இல்லை.

"அம்மா, அம்மா, என்னா பண்றீங்க? பொறங்கையால வைக்கணும். உள்ளங்கை உசுரோட இருக்கறவங்களுக்கு" என்றார் பெரியவர்.

என் கை நிற்கவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, "யாரு இது?" என்று கேட்டாள். "பழைய மருமவ" என்று யாரோ சொன்னார்கள். வேலையிடத்தில் புது அக்கா, இங்கே பழைய மருமகள். உங்கள் மகன் ஈர வேட்டியோடு ஓரமாக நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவள் பெரியவரிடம் மெல்லச் சொன்னாள். "விடுங்க மாமா. அவங்க தேய்க்கட்டும். இங்க வந்ததிலேந்து அத்தை ஒருநாளும் தலைக்கு ஊத்த விடல. ஒடம்ப மட்டும் தொடச்சி விட்டேன். தலையில கைய வச்சாலே தட்டி விட்டுருவாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. உங்கள் தலையைத் தொட எனக்கு அனுமதி கொடுக்கிற இடத்தில் அவள் இருந்தாள். நீங்கள் யாரையும் தொடவிடாமல் என் கையைத் தலையிலேயே வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு போன் பண்ணியிருக்கலாமே, அத்தை. நம்பர் அவளுக்குத் தெரியும், தர்ஷினிக்குத் தெரியும். "வா புள்ள" என்று ஒரு வார்த்தை. ஊருக்குப் பயந்து மகன் வீட்டுக்குப் போனவர், அதே ஊருக்குப் பயந்து என்னைக் கூப்பிடாமலும் இருந்தீர்கள். உயிரோடு கடைசியாக உங்களைக் குளிப்பாட்டியது நான்தான் என்று சிலசமயம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அது ஒரு ஆறுதல்போலத்தான் தொடங்கும். பாதியிலேயே கோபமாகிவிடும்.

இப்போதைய கதையையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கோயிலில் ஒரு அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். சிரிக்காதீர்கள். ஆயர் தாவார்க்காரர், மனைவியை இழந்தவர், செம்பனை லாரி ஓட்டி ஓய்ந்தவர். வீட்டுக்கு வந்து பார்த்தார். அமைதியான மனிதர், கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தைக்கூட எங்கே வைப்பது என்று கூச்சப்பட்டார். உண்மையைச் சொன்னார்.

"பொண்டாட்டி வேணும்னு ஆச இல்லம்மா. அம்மா படுத்த படுக்க. குளிப்பாட்டி உட ஒரு பொம்பள வேணும். சும்மா வேலைக்கி வச்சா நிக்க மாட்டேங்குறாங்க. கல்யாணம்னா உங்களுக்கும் ஒரு எடம் இருக்கும்லா."

என் உள்ளங்கை அரித்தது, அத்தை. இதைவிட நேராக எனக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை. ஒரு வீடு, ஒரு கிழவியின் தலை, நாளைக்கு அந்தக் கிழவி செத்தால் மருமகள் முதலில் வா என்று கூப்பிடுகிற உரிமை. சரி என்று வாய்வரை வந்துவிட்டது. "அம்மா என்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அம்மாக்கு இப்ப ஆளே தெரியாது. யாரா இருந்தாலும் சரிதான்."

அவர் தப்பாகச் சொல்லவில்லை. மறுநாள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோயில் அம்மாவுக்குக் கோபம். இந்த வயதில் இதைவிட என்ன கிடைக்கும் என்று கேட்டார். கிடைக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் யாராக இருந்தாலும் சரி என்கிற இடத்தில் போய் உட்கார மனம் வரவில்லை. நீங்கள் என்னை விட்டுப் போனீர்கள், ஆனால் யாரை விட்டுப் போகிறோம் என்று தெரிந்து போனீர்கள்.

புது இடம் ஒரு அறைதான். கடை வீட்டின் மாடி. சமைக்கக் கூடாதாம், ஆகவே குடிபோகப் பால் காய்ச்சுகிற கவலை இல்லை. குளியலறை மூன்று பேருக்குப் பொது. நீங்கள் பயந்த கேள்வி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. பிணம் எந்த வீட்டிலிருந்து போகும்? உங்களுக்கு ஒரு மகன் வீடாவது இருந்தது. வெறுக்கிற வீடானாலும் போய்ப் படுக்க ஒரு வீடு. எனக்கு அந்த மாடி அறைதான். அதன் படி குறுகல். அதில் பிணப் பெட்டியை இறக்க முடியுமா என்றுதான் அறையைப் பார்க்கப் போன அன்று நினைத்தேன். வாடகையைக் கேட்க மறந்துவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. டின்னில் இருந்த தூளைச் சலித்தேன். கொஞ்சம் வண்டு விழுந்திருந்தது. நல்லெண்ணெயைச் சூடு காட்டி என் தலையில் நானே தேய்த்துக்கொண்டேன். பிடரிக்குக் கை சரியாக எட்டவில்லை, தோள்பட்டை உங்களுடையது மாதிரி ஆகிவிட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அப்படியும் எரிந்தது.

குளித்து வந்து பார்த்தால் டின்னில் இன்னும் ஒரு கை இருக்கிறது. அதைத் தொடவில்லை. மூடியை அழுத்தி மூடி, துணிப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். தர்ஷினி அடுத்து வரும்போது, அது என்னைக் கடைசியாகக் குளிப்பாட்டும் நாளுக்கு என்று சொல்ல வேண்டும். அவளுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. உள்ளங்கையால்தான் வைப்பாள். யாரும் அவளைத் திருத்த வேண்டாம்.